மதகுக்கு முன்னால் நிறுத்துபவர்

டீக்கடையில் அவர் சர்க்கரை இல்லாமல்தான் டீ குடிப்பார். ஏதோ வியாதி போலிருக்கிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். வெகுநாள் கழித்து அவர் மனைவி சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. வீட்டில் அவருக்கு டம்ளர் அடியில் சர்க்கரை கரையாமல் கிடக்கவேண்டுமாம். கடைக்கு முதன்முதலாகப் போன அன்று கடைக்காரன் சர்க்கரை போட மறந்துவிட்டான். இவர் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. இவருக்குச் சர்க்கரை ஆகாது என்று கடைக்காரன் தானாகவே முடிவு கட்டிவிட்டான். அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் முகம் சுளிக்காமல் அந்தக் கசப்பைக் குடித்துக்கொண்டிருந்தார்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவருக்கு வாய் இருந்தது. நன்றாகப் பேசுவார், சிரிப்பார், சைகோனில் பட்டாளத்து அடுப்படியில் ரொட்டி சுட்ட கதைகளைச் சொல்லி எங்களை வயிறு வலிக்கவைப்பார். ஆனால் தனக்கு ஒன்று வேண்டும் என்று கேட்க மட்டும் அந்த வாய் திறக்காது. வழி தெரியாவிட்டால் சுற்றிக்கொண்டு போவாரே தவிர யாரிடமும் விசாரிக்கமாட்டார். ஒருமுறை நடுவழியில் பெட்ரோல் தீர்ந்துபோய் விழிதியூரிலிருந்து மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தார். வழியில் அவரைத் தாண்டிப் போன வண்டிகளில் ஒன்று என்னுடையது. நான் பார்க்கவில்லை, பின்னால் உட்கார்ந்திருந்த என் மனைவிதான் பார்த்திருக்கிறாள். ஒரு கை காட்டியிருந்தால் நின்றிருப்பேனே என்று மறுநாள் கோபித்துக்கொண்டேன். அவர் என் தோளில் தட்டிவிட்டு வேறு பேச்சை ஆரம்பித்தார்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு திரும்பியவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். இவரும் சொல்தாதான். வயது நாற்பத்தைந்து இருக்கும். கோட்டுச்சேரி போகும் வழியில் ரொட்டி அடுப்பு வைத்திருந்தார். வயதில் சின்னவர்கள் நாங்கள் எல்லோரும் அவரை, பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி, முசே என்றே கூப்பிட்டோம். அதற்கு முன்னால் அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

பந்தயச் சாலையைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. அப்போது காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. சுற்றிலும் இந்திய யூனியன். கோட்டுச்சேரியைத் தாண்டி மண்டபத்தூர்ப் பக்கம் போகும்போது வடக்கே ஒரு கிளைச் சாலை பிரியும். வயல்களுக்கு நடுவே நூல் பிடித்த மாதிரி நேராகப் போய் எல்லையில் முடியும். எல்லையில் சுங்கச் சாவடி வைத்து, குறுக்கே ஒரு கம்பத்தையும் போட்ட பிறகு அந்த வழியில் வண்டிகள் நின்றுபோயின. சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு நடந்து போகிறவர்கள் போவார்கள், வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் அவர்களும் கிடையாது. ஊருக்கெல்லாம் அந்தக் கம்பம் ஒரு தொல்லை. எங்களுக்கு மட்டும் அது கொண்டாட்டம். அவ்வளவு நேரான, அவ்வளவு காலியான தார்ச் சாலை வேறு எங்கே கிடைக்கும்?

சைகோனிலிருந்து என் மாமா கப்பலில் அனுப்பிய பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று என்னிடம் இருந்தது. ஜவுளிக்கடையில் முழம் போட வேண்டிய பிள்ளை மோட்டாரில் கழுத்தை முறித்துக்கொள்ளப் போகிறான் என்று வாப்பா புலம்புவார். என்னைப் போலப் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்திருந்தோம். சொல்தாக்கள், மரைக்காயர் வீட்டுப் பிள்ளைகள், விழிதியூர் மிராசுதார் ஒருவர். மாதா கோயில் பூசை முடிந்து, சாப்பாடும் முடிந்து, எல்லோரும் வந்து சேருவோம். ஓட்டம் ஜோடி ஜோடியாக நடக்கும். இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். மண்டபத்தூர் மீன் வியாபாரி ஒருவர் தோள் துண்டை உயரே பிடித்துக் கீழே விடுவார். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும் ஓட்டம்தான். எல்லைக்குச் சற்று முன்னால் சாலைக்குக் கீழே ஒரு மதகு உண்டு. அதை முதலில் தாண்டியவர் ஜெயித்தவர்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. சாலை குறுகல், இரண்டு பக்கமும் சரிவு, அதற்குக் கீழே வயல். மதகை முழு வேகத்தில் தாண்டினால் கம்பத்துக்குப் பக்கத்தில் போய்த்தான் வண்டி நிற்கும். அங்கே இறங்காமல் திருப்ப இடம் கிடையாது. கம்பத்துக்கு அந்தப் பக்கம், சாவடி வாசலில்தான் கொஞ்சம் விசாலம். ஆகவே சாவடிக்காரரிடம், "ஐயா, கொஞ்சம் தூக்குங்க" என்று கேட்கவேண்டும். அவர் தெற்கத்திக்காரர், நல்ல மனுஷர், எங்கள் ஓட்டத்தைப் பார்ப்பதற்காகவே ஞாயிற்றுக்கிழமை லீவு எடுக்காதவர். கயிற்றை இழுத்துக் கம்பத்தைத் தூக்கிவிட்டு, யூனியனுக்குள் வருக வருக என்று கேலியாக ஒரு கும்பிடு போடுவார். நாங்கள் ஒரு வட்டம் போட்டுத் திரும்பி வருவோம். ஜெயித்தவன் கேட்டுத்தான் ஆகவேண்டும். கேட்பதே ஜெயித்ததற்கு அடையாளம் என்று எங்களுக்குள் ஆகிப்போயிருந்தது.

முசேயின் வண்டி எங்கள் எல்லோருடைய வண்டியையும்விட நல்ல வண்டி. துண்டு விழுந்ததும் அவர் கிளம்புகிற கிளம்பல் யாருக்கும் வராது. பாதிச் சாலைவரை அவருடைய முதுகைத்தான் பார்த்துக்கொண்டு போவோம். மதகு கண்ணில் பட்டதும் முறுக்கிய கையை விட்டுவிடுவார். வண்டி சோர்ந்துபோய் மதகுக்கு முன்னால் நின்றுவிடும். பக்கத்தில் வருகிறவன் விர்ரென்று தாண்டிப் போவான். முசே இறங்கி, வண்டியை முன்னும் பின்னும் தள்ளித் தள்ளி அந்தக் குறுகலிலேயே திருப்பிக்கொண்டு வருவார். வேர்த்து ஊற்றும். தோற்றவன் எல்லோருக்கும் தின்னக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. அவர் வரும்போதே வண்டியின் பின்னால் ஒரு சாக்கு நிறைய ரொட்டியைக் கட்டிக்கொண்டுதான் வருவார்.

அவருக்குப் பயம் என்று சிலர் சொன்னார்கள். பட்டாளத்தில் எதையோ பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்றார்கள் சிலர். நான் ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன். நல்ல வண்டியை வைத்துக்கொண்டு ஏன் முசே இப்படி மதகுக்கு முன்னாலேயே விட்டுவிடுகிறீர்கள் என்று. அவர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்:

"அங்க போனா கேக்கணும் தம்பி."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவருடைய மகள் கதை எனக்கு அப்போது தெரியாது.

அவருக்கு ஒரே மகள். கம்பத்துக்கு அந்தப் பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார். பந்தயச் சாலையில் நின்று பார்த்தால் அந்த ஊர் மாதா கோயிலின் சிலுவை வயலுக்கு மேலே தெரியும், அவ்வளவு பக்கம். கட்டிக்கொடுக்கும்போது கம்பம் கிடையாது. மகள் உண்டானாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே? ஒரு நல்ல நாள் பார்த்து, வில்வண்டியில் மெத்தையும் தலையணையும் போட்டுக்கொண்டு அழைத்துவரப் போனார். அதற்குள் எல்லையில் கம்பம் வந்துவிட்டது. அந்தப் பக்கம் மகள் துணிமூட்டையோடு, மாமியாரோடு வந்து காத்திருக்கிறாள். இந்தப் பக்கம் இவர். நடுவில் இருந்த சாவடிக்காரர், அன்றைக்கு வேறு ஆள், எழுதிக் கேட்டால் சீட்டுக் கொடுப்பார்கள், அரை மணி நேர வேலைதான் என்று சொல்லியிருக்கிறார். பெற்ற பெண்ணைக் கூட்டிப்போக எவனிடம் கேட்கவேண்டும் என்று இவருக்கு ரத்தம் கொதித்துவிட்டது. ஒரு வார்த்தை பேசாமல் மாட்டைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். மகள் மூட்டையோடு நின்றது நின்றபடி நின்றாளாம்.

பிரசவம் மாமியார் வீட்டிலேயே ஆயிற்று. பெண் குழந்தை. அதற்குப் பிறகு மகள் இந்தப் பக்கம் வரவில்லை. சீட்டு வாங்கிக்கொண்டு அவள் வந்திருக்கலாம். ஆனால் அவளும் இவர் மகள்தானே. "அப்பா வந்து கூப்புட்டா வர்றேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அவள் சொன்னதில் தப்பில்லை என்றுதான் எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது.

அவர் மனைவி மட்டும் மாதம் ஒருமுறை சீட்டு வாங்கிக்கொண்டு நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருவார். அந்த அம்மாவுக்கும் வீம்பு குறைச்சலில்லை. பேத்தி எப்படி இருக்கிறாள் என்று வாய்விட்டுக் கேட்டால்தான் சொல்வேன் என்றிருந்தார். இவர் கேட்கவில்லை. கேட்காதவரிடம் சொல்லவும் மனசில்லை, சொல்லாமல் இருக்கவும் மனசில்லை. ஆகவே பக்கத்து வீட்டுப் பெண்ணை ரொட்டி அடுப்புக்கு அருகில் வரவழைத்து, ஊருக்கே கேட்கிற குரலில் சொல்வார். நான் ரொட்டி வாங்கப் போன ஒருநாள் அதைப் பார்த்தேன். குழந்தைக்குப் பல் முளைத்த கதை நடந்துகொண்டிருந்தது. லூர்து என்று பெயர் வைத்திருப்பதும், அவளுக்குத் தாத்தாவின் காது என்பதும் அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. முசே அடுப்புக்குள் தலையை விட்டுக்கொண்டு, வெந்த ரொட்டியை வெளியே எடுக்காமல் நின்றார். அன்றைக்கு நான் வாங்கிப் போன ரொட்டி அடி கருகியிருந்தது. உம்மா என்னைத் திட்டினார்.

இதையெல்லாம் கேட்டவர்கள் அவரை ரோஷக்காரர் என்று மெச்சினார்கள். எனக்கு மெச்சத் தோன்றவில்லை. அவரைப் பிடிக்கும், ரொம்பப் பிடிக்கும், ஆனால் அந்தக் குணத்தின்மேல் எனக்கு எரிச்சல்தான். அவருடைய ரோஷத்துக்குக் கப்பம் கட்டியவர்கள் வேறு ஆட்கள். வயிற்றுப் பிள்ளையோடு வெயிலில் நின்ற பெண் ஒருத்தி. அடுப்படியில் தொண்டை கிழியக் கத்திய மனைவி ஒருத்தி. இவருக்குச் சர்க்கரைதான் போயிற்று.

அப்படி நான் நினைத்துக்கொண்டிருந்ததை ஒரு ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் அசைத்துவிட்டது. அந்த வாரம் குழந்தைக்கு விஷக்காய்ச்சல். அடுப்படியில் செய்தி உரத்த குரலில் வரவில்லை. அந்த அம்மா அழுதுகொண்டே சொன்னதாகக் கேள்விப்பட்டேன். நான் சீக்கிரமே சாலைக்குப் போய்விட்டேன். வேறு யாரும் வந்திருக்கவில்லை. சாவடிக்காரர் மட்டும் மதகின்மேல் உட்கார்ந்திருந்தார். அவரோடு பேசிக்கொண்டிருந்தபோது முசே தனியாக வந்தார். முழு வேகம். மதகை அவர் தாண்டி நான் பார்த்தது அதுதான் முதல்தடவை. கம்பத்துக்குக் கைநீட்டும் தூரத்தில் நிறுத்தினார். இறங்கவில்லை, வண்டியை அணைக்கவும் இல்லை.

சாவடிக்காரர் எழுந்து ஓடினார். அவருக்கும் எல்லாக் கதையும் தெரியும். கயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "ஒரு வார்த்தை கேளுங்கய்யா. சீட்டு கீட்டு ஒண்ணும் வேண்டாம்" என்றார்.

முசே சிலுவை தெரியும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாடை அசைந்தது. ஏதோ வரப்போகிறது என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாவடிக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. கேட்காமலே கயிற்றை இழுத்துக் கம்பத்தைத் தூக்கிவிட்டார். வழி திறந்து கிடக்கிறது. முசே போகவில்லை. வண்டியை அணைத்துவிட்டு இறங்கி, அங்கேயே தள்ளித் தள்ளித் திருப்ப ஆரம்பித்தார். நான் ஓடிப்போய்ப் பின் சக்கரத்தைப் பிடித்தேன்.

"போங்க முசே, அதான் தொறந்துட்டாருல்ல," என்றேன்.

"கேக்காமக் குடுத்தா அது தர்மம் தம்பி. பட்டாளத்துல இருந்தவன் தர்மம் வாங்கிட்டா பொண்ண பாக்கப் போறது?"

குரல் உடைந்திருந்தது. கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் வந்ததை வாங்கவும் முடியவில்லை. இது வீம்பு மட்டுமில்லை, அந்த மனுஷரால் முடியாத ஒன்று என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் இரண்டொரு நாளில் இறங்கிவிட்டது. அந்தச் செய்தி வழக்கம்போல அடுப்படிக்கு உரத்த குரலில் வந்தது.

ஏன் அவர் பந்தயத்துக்கு வந்தார் என்பதும் அதற்குப் பிறகு எனக்குப் புரிந்த மாதிரி இருந்தது. வாரம் ஒருமுறை அந்தச் சிலுவையைப் பார்த்து முழு வேகத்தில் ஓடிவர அவருக்கு வேறு என்ன சாக்கு இருந்தது? ஜெயிப்பதற்காக அவர் வரவே இல்லை.

பிறகு பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறினார்கள். ஊர் முழுக்கத் தோரணம், வெடி, ஊர்வலம். எல்லைச் சாவடியைப் பிரித்தார்கள். தெற்கத்திக்காரருக்கு வேறு ஊருக்கு மாற்றல் ஆயிற்று, எங்களிடம் சொல்லிக்கொண்டு போக டீக்கடைவரை வந்தார். நாங்களும் எல்லோரோடும் சேர்ந்து வெடி வைத்தோம். எங்கள் பந்தயச் சாலையை வாழவைத்ததே அந்தக் கம்பம்தான் என்பது வெடிச் சத்தத்தில் யாருக்கும் உறைக்கவில்லை. அந்த வழியாக மாயவரம் பஸ் விடப்போகிறார்கள், வருகிற திங்கட்கிழமை முதல் ஓடும் என்று தெரிந்தபோதுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஊருக்கு வழி பிறந்தது, எங்களுக்கு வழி அடைபட்டது. பஸ் ஓடத் தொடங்கிய பிறகு வண்டிகள் ஒவ்வொன்றாக வீட்டுக் கொட்டகைக்குள் போயின. என் வண்டியை வாப்பா நல்ல விலைக்குத் தள்ளிவிட்டு, பல நாள் கழித்து நிம்மதியாகத் தூங்கினார். மீன் வியாபாரியின் துண்டு மறுபடியும் மீன் துடைக்கப் போயிற்று. அந்தச் சாலையில் இன்றைக்கு பஸ்ஸில் போகிறவர்களுக்கு அங்கே ஒரு மதகு இருப்பதே தெரியாது.

பஸ் வருவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை கடைசி ஓட்டம் வைத்தோம். ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஜோடி சேர்த்தபோது எனக்கு முசே விழுந்தார். மற்றவர்கள் சிரித்தார்கள், எனக்கு ஜெயம் எழுதியாகிவிட்டது என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன். முசே ரொட்டிச் சாக்கை அவிழ்த்து மீன் வியாபாரியிடம் முன்கூட்டியே கொடுத்துவிட்டு வந்து நின்றார்.

துண்டு விழுந்தது. வழக்கம்போல அவர் முன்னால் பாய்ந்தார், நான் பின்னால் போனேன். மதகு வரும், கையை விடுவார், நான் தாண்டுவேன். மதகு வந்தது. அவர் கையை விடவில்லை.

நானும் விடவில்லை, விடத் தெரியவில்லை. இத்தனை வருஷமும் கம்பத்தின் சிவப்பு வெள்ளைப் பட்டையைப் பார்த்துத்தான் நாங்கள் எல்லோருமே வண்டியை அடக்கிப் பழகியிருந்தோம். இப்போது கம்பம் இல்லை. எங்கே நிறுத்துவது என்று கண் தேடிக்கொண்டிருக்கும்போதே சக்கரத்துக்குக் கீழே சத்தம் மாறியது. எங்கள் பக்கத்துத் தார் முடிந்து அவர்கள் பக்கத்துக் கப்பிச் சாலை தொடங்கிவிட்டது. எல்லையைத் தாண்டியதே எனக்கு அந்தச் சத்தத்தில்தான் தெரிந்தது. முன்னால் முசே குனிந்த முதுகோடு சேற்றை வாரி அடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். வழுக்கி விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் நானும் பின்னாலேயே போனேன்.

மாதா கோயிலைத் தாண்டி ஓடு போட்ட ஒரு வீட்டின் முன்னால் நிறுத்தினார். அவர் மனைவி அடுப்படியில் கத்திய கதைகளில் வேப்பமரமும் பச்சைக் கதவும் அடிக்கடி வரும். அதே வேப்பமரம், அதே பச்சைக் கதவு. வண்டியை அணைத்தார். நான் பத்தடி பின்னால் நின்றேன். மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் கூப்பிடவில்லை, கதவைத் தட்டவில்லை. நின்றார்.

வண்டிச் சத்தம் கேட்டுக் கதவு கொஞ்சம் திறந்தது. ஒரு சிறுமி எட்டிப் பார்த்தாள். காதைப் பார்த்ததும் எனக்கே தெரிந்துவிட்டது.

"நீ லூர்துதானே?" என்றார்.

அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். "நீங்க யாரு?"

முசே திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. தாத்தாடி, உன் தாத்தா என்று சொல்ல எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். நான் சொன்னால் அது கம்பத்தைத் தூக்கிவிட்ட கதையாகிவிடும். உள்ளே பாத்திரம் உருட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. கதவுக்குப் பின்னால் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. சேலையின் ஓரம் தெரிந்தது. அவள் வெளியே வரவில்லை.

முசே தலையிலிருந்த பட்டாளத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். முகத்தில் மழை வழிந்தது, அவர் துடைக்கவில்லை.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுக்கிறியாம்மா?"

"அம்மாவக் கேக்கணும்," என்றாள் குழந்தை.

"கேளு," என்றார் முசே. குழந்தை உள்ளே போகத் திரும்பினாள். "லூர்து," என்று மறுபடி கூப்பிட்டார். குரல் எழும்பவில்லை. கதவுக்குப் பின்னால் நிற்பவளுக்கும் கேட்கவேண்டும் என்று இன்னொருமுறை முயன்று சொன்னார்.

"கூப்புட வந்திருக்கேன்னு சொல்லு. உள்ள வரலாமான்னு அம்மாவக் கேட்டுட்டு வா. நான் நிக்கிறேன்."